அது களை இல்ல, சோறு

1

குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு நர்சரியில் சந்தனக் கன்று ஒன்று வாங்கினேன். கறுப்புக் கவரில் முக்கால் அடி உயரம். அதே கவருக்குள் ஒட்டிக்கொண்டு ஒரு துவரைச் செடி. வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தத் துவரையை வேரோடு பிடுங்கி எறிந்ததுதான். காசு கொடுத்தது சந்தனத்துக்கு, இது எதுக்கு நடுவுல என்கிற நினைப்பு. தண்ணீர் ஊற்றினேன், எரு போட்டேன். நாலைந்து மாதத்தில் இலை வெளிறி, நுனி காய்ந்து, கன்று செத்துப்போனது.

நர்சரிக்காரரிடம் போய் சண்டை போட்டேன். "அண்ணே, சொத்தைக் கன்னு குடுத்துட்டீங்க." அவர் நிதானமாகக் கேட்டார்: "கூட ஒரு செடி இருந்துச்சே, அதை என்ன பண்ணே?" சொன்னேன். சிரித்தார். "அது களை இல்ல தம்பி. அதோட சோறு."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். நான் ஒரு கன்றுக்குச் செய்ததை இந்த நாடு காடுகளுக்குச் செய்துகொண்டிருக்கிறது, அதைச் செய்தபடியே 'மரம் நடுகிறோம்' என்று மாலையும் போட்டுக்கொள்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

2

முதலில் சந்தனம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அதற்குப் பச்சை இலை உண்டு. வெயிலில் தன் மாவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரையும் உப்புகளையும் மண்ணிலிருந்து போதுமான அளவு எடுக்க அதன் வேருக்கு மட்டும் தெம்பு கிடையாது. அதனால் வேர் பக்கத்தில் நகர்ந்து போய், இன்னொரு செடியின் வேரைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன முடிச்சு மாதிரி வீங்கி, அந்த வேருக்குள் நுழைந்து உறிஞ்சும். உறிஞ்சு வேர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முழு ஒட்டுண்ணி இல்லை, அரை ஒட்டுண்ணி. மேலே எல்லாச் செடியையும் போல நிற்கும். விஷயமெல்லாம் மண்ணுக்கடியில்.

சந்தனத்தின் இந்தக் குணத்தை 1871-இல் கல்கத்தாவில் ஜான் ஸ்காட் என்பவர் எழுதிவைத்தார். காட்டிலாகா உடனே நம்பிவிடவில்லை. அதை நுணுக்கமாக ஆராய்ந்து முடித்தவர் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளராக இருந்த சி.ஏ. பார்பர். பிற்பாடு 1912-இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றவர். கடலூர் மாவட்டத்தில் கரும்பு வெட்டுகிற எவருக்கும் அவரோடு தூரத்து உறவு உண்டு. ஆனால் கரும்புக்கு முன்னால், 1906 முதல் 1908 வரை, அவர் வேர் ஒட்டுண்ணிகள் பற்றி வரிசையாக ஆய்வுகள் வெளியிட்டார். சந்தனம் முடிந்ததும் அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று ஓலாக்ஸ் ஸ்கேண்டன்ஸ், நம்மூர் நூல்களில் கடலிரஞ்சி. இன்னொன்று கான்ஜெரா ரீடி.

இரண்டும் புதர்கள், கொஞ்சம் கொடி போலப் பக்கத்துச் செடிமேல் சாய்ந்து ஏறுபவை. கான்ஜெராவுக்குச் சின்ன மஞ்சள் பூ, ஆரஞ்சுச் சிவப்பில் பழம். இளம் இலையைக் கீரையாகச் சமைக்கிறவர்கள் உண்டு. கான்ஜெரா என்ற பெயரே மலையாளத்திலிருந்து ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் வழியாக லத்தீனுக்குப் போனது. 'ரீடி' என்பது அந்த நூலைத் தொகுத்த டச்சுக்காரர் வான் ரீடின் பெயர். சந்தனமும் இவை இரண்டும் தாவரவியலில் ஒரே வரிசைக்குள் வருபவை. தொழிலும் ஒன்றே: இலை சொந்தம், தண்ணீர் பக்கத்து வீட்டில்.

மரியாதைதான் வேறு. சந்தனத்தை 1792-இல் திப்பு சுல்தான் அரச மரமாக அறிவித்தார் என்பார்கள். தமிழ்நாட்டில் 2002-இல் சட்டம் திருத்தப்படும்வரை உங்கள் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரம்கூட உங்களுடையது இல்லை. அதற்காகத் துப்பாக்கி ஏந்திய ஆட்கள் காடு முழுக்க அலைந்தார்கள், இரண்டு தரப்பிலும். கான்ஜெராவும் கடலிரஞ்சியும்? 'புதர் மண்டிக் கிடக்குது' என்று ஒரே வாக்கியத்தில் ஜேசிபி உள்ளே வந்துவிடும். ஒரே தொழில் செய்யும் மூன்று பேரில் வாசனை இருப்பவனுக்கு மட்டும் காவல். மற்ற இருவருக்கும் வாளி.

3

குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர் தாண்டி நெய்வேலிப் பக்கம் போனால் செம்மண். இந்த மேட்டுநிலத்தின் பாறைக்குப் புவியியலில் கடலூர் மணற்கல் என்றே பெயர். பாண்டிச்சேரிக்கு அந்தப் பக்கம் வரை இதே செம்மண் போகிறது. இதன்மேலும் இதை ஒட்டிய கரையோரத்திலும் ஒரு காலத்தில் இருந்தது வறண்ட பசுமைமாறாக் காடு. உலகத்தில் அபூர்வமான காட்டு வகை. ஆறேழு மாதம் மழையில்லாமல் கிடந்தாலும் இலை உதிர்க்காத காடு. வீரை, உலக்கைப் பாலை, காசான், நெய்கொட்டான், குருந்து, களா, காரை, இடையில் நுழைய முடியாதபடி கொடிகள். உயரம் பெரிதாக இருக்காது. தொலைவிலிருந்து பார்த்தால் 'பெரிய புதர்' என்றுதான் தோன்றும்.

அதில் மிச்சம் பெரும்பாலும் ஐயனார் புண்ணியத்தில் நிற்கிறது. கோவில் காடுகள். கடலூர் மாவட்டத்தில் குழந்தைக்குப்பம், திருமாணிக்குழி ஆகிய இரண்டு இடங்களின் காட்டைப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செடி செடியாக எண்ணி 1997-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். அறிவியல் எண்ணும்வரை அவற்றைக் காப்பாற்றியது மண்குதிரையும் 'உள்ள கத்தி எடுத்துட்டுப் போகாதே' என்ற பாட்டியின் அதட்டலும்தான். கோவில் காட்டைத் தவிர இந்தப் புதர்களுக்கு இருந்த இன்னொரு புகலிடம் வேலி. முந்திரிக் கொல்லைக்கும் பனங்கொல்லைக்கும் நடுவே யாரும் நடாமல் தானாக வந்த உயிர்வேலி. சூரை, காரை, களா, அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு இவர்கள்.

அந்த நிலத்துக்கு அடியில்தான் நிலக்கரி. 1935-இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு துளைத்தபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956-இல் நிறுவனம், 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார், 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மேலே கிடக்கும் மண்ணையெல்லாம் வழித்தால்தான் கரி. ஒரு டன் கரிக்கு அஞ்சு கன மீட்டருக்கு மேல் மண் அள்ள வேண்டும். அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது, அதையும் ராப்பகலாக இறைத்தபடி இருக்க வேண்டும். அள்ளிய மண் மலையாகக் குவிகிறது. பிறகு அந்த மலைமேல் மரம் நடுகிறார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, மரம் வந்திருக்கிறது. மேடுகள் பச்சையாக இருக்கின்றன, பறவை கூவுகிறது. நூறு அடி ஆழத்திலிருந்து வந்த செத்த மண்ணில் எது முளைத்தாலும் லாபம்தான். நடுவதைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. எண்ணுவதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

4

நம் அரசுகள் காட்டை எப்படி எண்ணுகின்றன தெரியுமா? இந்திய வன அளவைத் துறையின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரக்கூரை பத்து சதவீதம் இருந்தால் அது 'வனப்பரப்பு'. என்ன மரம், யாருடைய மரம் என்ற கேள்வியே கிடையாது. தென்னந்தோப்பும் வரும், தைல மரமும் வரும், பண்ருட்டி முந்திரியும் வரும். மரக்கூரை பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அது 'புதர்', வேறு கட்டம். ஆயிரம் வருடமாக நின்று அறுபது வகைச் செடியைத் தாங்கும் குட்டையான காடு அந்தக் கட்டத்தில் விழலாம். பத்து வருடத்தில் வெட்டப்போகிற தைலத்தோப்பு 'வனம்' ஆகலாம்.

2023-இல் பசுமைக் கிரெடிட் திட்டம் வந்தது. 2024 பிப்ரவரியில் வந்த முறைப்படி, சீரழிந்த நிலத்தில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம், மரத்துக்கு ஒரு கிரெடிட். சீரழிந்த நிலம் எது என்ற பட்டியலில் புதர்நிலமும் இருந்தது. அதாவது இருக்கிற புதரை அழித்து மரம் நட்டால் மதிப்பெண். எதிர்ப்பு வந்தபிறகு விதிகளைத் திருத்தினார்கள், மரம் சில வருடம் பிழைத்திருக்க வேண்டும் என்றார்கள். நல்லது. ஆனாலும் எண்ணப்படுவது மரமும் அதன் நிழலும்தான்.

இந்த எண்ணும் முறையின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: காடு என்பது கன்றுகளின் கூட்டல். ஒரு குழிக்கு ஒரு கன்று, ஒரு கன்றுக்கு ஒரு எண். நான் துவரையைப் பிடுங்கியபோது எனக்கிருந்த அதே நம்பிக்கை.

வேர் ஒட்டுண்ணிப் புதர் அந்த நம்பிக்கைக்குள் அடங்காது. அதைத் தனியாக ஒரு குழியில் நட முடியாது. நட்டால் விதையில் இருந்த சேமிப்பை வைத்துச் சில மாதம் பிழைக்கும், பிறகு போய்விடும். அது பிழைக்கப் பக்கத்தில் இன்னொரு வேர் வேண்டும். அந்த வேரும் ஒத்துப்போகிற வேராக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் செடி கொடுத்துவிட்டும் தாங்குகிற அளவு ஆரோக்கியமாக இருக்க வேண்டும். பழத்தைத் தின்று விதையை அங்கே போட ஒரு பறவை வர வேண்டும். பத்து வரி கணக்கில் வராத பத்து விஷயம் நடந்த இடத்தில்தான் ஒரு கான்ஜெரா நிற்கும்.

அதனால்தான் சொல்கிறேன்: ஒரு இடம் காடா தோப்பா என்று பார்க்க மரத்தை எண்ணாதீர்கள். அங்கே யாரும் நடாத ஒரு ஒட்டுண்ணி வந்து குடியேறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது இன்னும் நர்சரிதான், கவர் மட்டும் பெரிசு.

5

'ஒட்டுண்ணியைப் போய்க் காப்பாத்தணுமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தச் சொல்லே அப்படி. மேடையில் யாரையாவது ஒழிக்க வேண்டுமென்றால் முதலில் புல்லுருவி என்பார்கள். கட்சிக்குள் புல்லுருவி, சமூகத்தில் புல்லுருவி. 1964-இல் சோவியத் நீதிமன்றம் ஜோசப் பிராட்ஸ்கி என்ற இளங்கவிஞனைச் 'சமூக ஒட்டுண்ணி' என்று தண்டித்து வடக்கே நாடுகடத்தியது. கவிதை எழுதுவது வேலை இல்லையாம். 1987-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஒருவரை ஒட்டுண்ணி என்று அழைத்தபிறகு அவரைப் பிடுங்குவது சுலபம் என்பதற்காகத்தான் அந்தச் சொல்.

ஆனால் அந்தச் சொல்லின் கிரேக்க மூலத்தைப் பாருங்கள். பாரா, பக்கத்தில். சீட்டோஸ், தானியம், சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். ஆதியில் அது கோயில் விருந்தில் பங்குபெறுகிற ஒரு பொறுப்பின் பெயர். பிறகுதான் நாடகக்காரர்கள் அதை ஓசிச்சோற்றுக்காரனாக மாற்றினார்கள். தாவரவியல் அதற்கும் வெகுகாலம் பின்னால். 1867-இல் வள்ளலார் வடலூரில் தருமசாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. குறிஞ்சிப்பாடி வட்டத்துக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அவமானம் என்று யாரும் சொல்லித்தர முடியாது.

இதைக் காதல் கதையாகவும் ஆக்க மாட்டேன். எல்லா வேர் ஒட்டுண்ணியும் சாது இல்லை. கரும்புக்கும் சோளத்துக்கும் சுடுமல்லி என்ன செய்யும் என்று விவசாயியைக் கேளுங்கள். புகையிலைக் காளான் புகையிலையை என்ன செய்யும் என்று கேளுங்கள். ஒரே பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கிற இடத்தில் ஒட்டுண்ணி கொள்ளைக்காரன் ஆகிவிடும். பல செடி கலந்து நிற்கிற இடத்தில் அதே குணம் வேறு வேலை செய்கிறது. இங்கிலாந்தில் புல்வெளிகளை மீட்கிறவர்கள் மஞ்சள் ராட்டில் என்ற வேர் ஒட்டுண்ணியை வேண்டுமென்றே விதைக்கிறார்கள். அது ஆதிக்கம் செய்யும் புல்லின் கொழுப்பைக் குறைக்க, மற்றப் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் சில காட்டுத் துண்டுகளிலிருந்து புல்லுருவிகளை மட்டும் அகற்றிப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் பறவை இனங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயின. அந்த முடிவு 2012-இல் வெளியானது. புல்லுருவி வேரில் இல்லை கிளையில் வாழ்வது என்றாலும், பாடம் ஒன்றுதான்: 'தண்டச்சோறு' என்று நாம் நினைத்தவர் ஊருக்கே பந்தி போட்டுக்கொண்டிருந்தார்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் சமயம் மஞ்சளாகப் பூக்கும் நுய்ட்சியா என்று ஒரு மரம் உண்டு. அதுவும் வேர் ஒட்டுண்ணி. அதன் உறிஞ்சு வேருக்குள் கத்தரி மாதிரி ஒரு அமைப்பு, பக்கத்து வேரை வெட்டும். பூமிக்கடியில் போட்ட கேபிளையும் வேர் என்று நினைத்து வெட்டிவைத்திருக்கிறது. நிலத்துக்கடியில் இருப்பதெல்லாம் நமக்கே என்று நினைக்கிறவர்களுக்கு இந்தத் தகவலைச் சமர்ப்பிக்கிறேன்.

6

இந்த இடத்தில் 'உண்மையான ஒட்டுண்ணி சுரங்கம்தான்' என்று எழுதினால் நிறைய ஹார்ட் விழும். எழுத மாட்டேன். ஒன்று, அந்தச் சொல்லை வசையாக்கியதைத்தானே இவ்வளவு நேரம் திட்டினேன். இரண்டு, உவமை தப்பு. கடலிரஞ்சி பக்கத்துச் செடியைச் சாகவிட்டால் தானும் சாகும், அதனால் அளவு தெரிந்து எடுக்கிறது. மூன்று, இதை நீங்கள் படிக்கிற போனில் ஏறிய கரண்டில் ஒரு துளி நெய்வேலியுடையதாக இருக்கலாம். குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் நிறைய வீடுகளின் அடுப்பு அந்தச் சம்பளத்தில் எரிந்திருக்கிறது. நிறைய வீடுகளின் நிலமும் அந்தக் குழிக்குள் போயிருக்கிறது. இரண்டும் பல சமயம் ஒரே வீடு.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காகப் பச்சை நெற்பயிர்மேல் இயந்திரம் ஏறியதைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வேதனைப்பட்டார். நெல்லுக்காகப் பேச ஆள் இருந்தது, இருக்க வேண்டும். நெல்லுக்கு உரிமையாளர் உண்டு, விலை உண்டு, இழப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. வீட்டுக்கு உண்டு, கிணற்றுக்கு உண்டு, முந்திரிக்கும் பலாவுக்கும் உண்டு. வயல் ஓரத்து வேலிக்கு? அதில் சாய்ந்து நின்ற, யாரும் நடாத, யாருடையதும் இல்லாத கான்ஜெராவுக்கு? அதற்குக் கட்டம் இல்லை. போனால் போனது தெரியாது. எண்ணாத ஒன்று தொலைந்ததாக எந்தக் கணக்கிலும் வராது.

'சரி, என்னதான் பண்ணச் சொல்ற?' பெரிதாக ஒன்றுமில்லை. மண்ணை அள்ளுவதற்கு முன்னால் அங்கே நிற்கும் புதர், கொடி, செடி எல்லாவற்றையும் பெயரோடு எழுதுங்கள், மரத்தை மட்டும் எழுதாதீர்கள். விதை எடுங்கள். மேட்டில் நடும்போது முதலில் எந்த மரத்தையும் வையுங்கள், குறை சொல்ல மாட்டேன். இதே செம்மண்ணில் ஆரோவில்லில் அப்படித்தான் செய்தார்கள். மழையில் அரித்து வெறும் பொட்டலாகக் கிடந்த நிலத்தில் ஆஸ்திரேலிய அகேசியாவை முதலில் நிழலுக்கு விட்டு, அதன் மடியில் நாட்டுச் செடிகளைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான மீட்புத் திட்டங்கள் முதல் பாதியோடு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றன. இரண்டாவது பாதிக்குத்தான் வேலை: ஓம்புசெடியும் ஒட்டுண்ணியும் சேர்த்து ஒரே கவரில், துவரையும் சந்தனமும் மாதிரி. பத்து வருடம் கழித்து 'எத்தனை லட்சம்' என்று அறிக்கை கொடுக்காமல் 'எத்தனை வகை, அதில் எத்தனை தானாக வந்தவை' என்று கொடுங்கள். மிச்சமிருக்கும் கோவில் காட்டைச் சுத்தம் செய்து டைல்ஸ் ஒட்டி ஐயனாரை வெயிலில் உட்காரவைக்காதீர்கள். அந்தப் புதரில்தான் விதை இருக்கிறது.

உங்களிடமும் ஒரு வார்த்தை. பிறந்த நாளுக்குக் கன்று நட்டு ரீல்ஸ் போடுகிற தலைமுறை நாம். நானும் போட்டிருக்கிறேன். நட்ட இடத்துக்கு மறுபடி போங்கள். கன்று இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். அதன் காலடியில் நீங்கள் நடாதது என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். அதைக் களை என்று பிடுங்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

போன மழைக்கு அந்த நர்சரிக்கு மறுபடி போனேன். இந்த முறை சந்தனத்தோடு துவரையையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அவர் காசு வாங்கவில்லை, முதலில் ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் துவரை கொஞ்ச நாள்தான் தாங்கும். அப்புறம் புங்கனோ சவுக்கோ, பெரிய வேரா ஒண்ணு பக்கத்துல வேணும். உங்க இடத்துல பக்கத்துல என்ன இருக்கு?"

யோசித்தேன். காம்பவுண்டுச் சுவர்தான் இருந்தது. கன்றை வைத்துவிட்டு, ஒரு புங்கனை வாங்கிக்கொண்டு வந்தேன்.